அர்த்தமில்லை என்று ஒரு கடிதம்

அரச மறையீட்டு மென்பொருள் சபையில் நாற்பத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் மென்பொருள் எழுதத் தெரிந்தவன் ராஜலிங்கம் ஒருவன்தான். மற்ற நாற்பது பேரும் அவன் எழுதியது வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சபை கண்டி வாவிக்கு மேலே, மரங்களுக்குள் ஒளிந்திருந்த ஒரு பழைய பங்களாவில் இருந்தது. இரகசிய நிறுவனம் என்பதால் பெயர்ப்பலகை வைக்கவில்லை. ஆனாலும் கீழே பஸ் தரிப்பில் நின்ற எவரைக் கேட்டாலும், "அந்தச் சும்மா இருக்கிற பங்களாவா?" என்று கேட்டுவிட்டுச் சரியாக வழி காட்டினார்கள்.

அது இரண்டாயிரமாம் ஆண்டு. வடக்கில் யுத்தம், ஊரெல்லாம் சோதனைச் சாவடி, திணைக்களம் எல்லாவற்றிலும் புதிதாகக் கணினி. ஒவ்வொரு திணைக்களத்து நிரலாளரும் தன் இஷ்டத்துக்கு ஒரு பூட்டைச் செய்து தன் கோவைகளைப் பூட்டினால் நாடு தாங்காது என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஒரு நல்ல பூட்டை ஒரே தடவை செய்து வைத்துவிட்டால், எல்லா நிரலாளரும் அதை எடுத்துத் தங்கள் நிரல்களில் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் மிளகாய்த்தூளை மொத்தமாகத் திரித்து வைத்துக்கொண்டு எல்லாக் கறிக்கும் அதையே போடுவதில்லையா, அப்படித்தான். இந்தத் தொழிலில் அதற்கு நிரல் நூலகம் என்று பெயர். ராஜலிங்கம் எழுத வேண்டியிருந்தது மறையீட்டு நூலகம். ஒரு வாசகத்தையும் ஒரு சாவியையும் அதனிடம் கொடுத்தால், வாசகத்தை எவருக்கும் விளங்காத எண்ணும் எழுத்துமாக மாற்றித் தரும். அதே சாவி இருப்பவன் மட்டும்தான் அதைத் திரும்பத் திறக்கலாம்.

ராஜலிங்கம் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து படித்து மேலே வந்தவன். வேலை கிடைத்த அன்று தொழிலாளர் லயத்தில் பாயசம் வைத்தார்கள். அவனும் சும்மா சொல்லக்கூடாது, பதினொரு மாதத்தில் நூலகத்தை எழுதி முடித்துவிட்டான். நன்றாகவே எழுதினான். அதன் பிறகுதான் அங்கீகாரம் என்ற வேலை ஆரம்பமானது. அது இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

சிக்கல் சாவியில் வந்தது. நல்ல சாவி என்றால் எவராலும் ஊகிக்க முடியாத எண்களால் ஆனதாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடக் கணிதத்தில் எழுமாற்று எண்கள் என்று படித்திருப்போமே, அவைதான். ராஜலிங்கத்தின் நூலகம் அவற்றைத் தானே உண்டாக்கியது. இதைக் கேள்விப்பட்டதும் சபை, எழுமாற்று எண் மேற்பார்வை உப குழு என்று ஒன்றை நியமித்தது. குழுவின் தலைவர் முதல் கூட்டத்திலேயே விஷயத்தின் அடிவேரைப் பிடித்துவிட்டார்.

"அடுத்ததாக என்ன எண் வரும் என்று உங்களால் சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க சேர். முடியாம இருக்கிறதுதான் இதோட நோக்கம்."

"முன்னறிவித்தல் இல்லாமல் வரும் ஓர் எண்ணை அரச நிறுவனம் எப்படிப் பொறுப்பேற்கும்?"

ஆகவே நூலகம் உண்டாக்கக்கூடிய எண்களையெல்லாம் அச்சடித்துக் குழுவின் முன் வைக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அவை எத்தனை என்று ராஜலிங்கம் சொல்லிப் பார்த்தான். அச்சடிக்கத் தொடங்கினால் சூரியன் அணைந்த பிறகும் அச்சடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றான். "அப்படியானால் திங்கட்கிழமையே தொடங்குங்கள்" என்றார் தலைவர்.

வாரத்துக்கு ஒரு கட்டு. ஓரத்தில் துளை போட்ட அகலத் தாளில், வரிக்கு முப்பத்திரண்டு எழுத்தாக, பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை எண்களும் இடையிடையே ஆங்கில எழுத்து ஆறும் கலந்து வரும். குழு ஒவ்வொரு வரியையும் பார்த்து நிராகரிக்கும். ஓர் இலக்கம் மூன்று தடவை அடுத்தடுத்து வந்தால் அது கவனயீனம். ஓர் அங்கத்தவரின் பழைய தொலைபேசி எண் ஒரு வரிக்குள் வந்துவிட்டது, அது தனிப்பட்ட தாக்குதல். இன்னொருவர் எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கித் தந்தால் பார்க்க வசதி என்று எழுத்தில் கேட்டார். இரண்டு வருடத்தில் ஓர் எண்கூட அங்கீகாரம் பெறவில்லை. நிராகரித்த தாள்களோ மாடிப்படிக்குக் கீழே மலையாகக் குவிந்தன. அவற்றை அழிப்பதற்கான குழு, அழித்தல் என்பதற்கு வரைவிலக்கணம் கிடைக்காமல் நின்றுபோயிருந்தது.

மழைக்காலத்தில் அந்த மலையில் கறையான் ஏறியது. "கொண்டுபோய் எங்கயாவது போடும்" என்று செயலாளர் ஸ்ரீஸ்கந்தராசா வாயால் சொன்னார். எழுத்தில் சொல்லவில்லை. அரச சேவையில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பது ராஜலிங்கத்துக்கு அப்போது தெரியாது.

அவனுடைய மனைவி சந்திரிகாவின் அண்ணன் இருளப்பன் பிலிமத்தலாவையில் தையல்கடை வைத்திருந்தார். பிளவுஸ் தைப்பதற்கு முன்னால் கடதாசியில் வெட்டிப் பார்த்து, அந்தக் கடதாசியைத் துணிமேல் வைத்து வெட்டுவார். அதற்குப் பழைய பத்திரிகை போதவே போதாது. மை வேறு துணியில் ஒட்டும். ராஜலிங்கம் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அடேயப்பா, என்னா அகலம்! கையும் முன்பக்கமும் ஒரே தாள்ல வந்துரும் போல இருக்கே மாப்புள. கவர்மெண்டு கடுதாசின்னா கவர்மெண்டு கடுதாசிதான்."

மூன்று மாதம் கழித்துத் தெருவில் தேடுதல் நடந்தது. பொலிஸார் தையல்கடையின் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த எண்பத்தாறு கடதாசித் துண்டுகளைக் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றிலும் விளங்காத எண்ணும் எழுத்தும். அவற்றின் மேல் இருளப்பனின் கையெழுத்தில், தமிழில், "கழுத்து 7", "கை 11", "டீச்சரம்மா 36" என்ற குறிப்புகள். யாருடைய கழுத்து, ஏழு மணிக்கா ஏழாம் திகதியா, டீச்சரம்மா என்பது எவருடைய இயக்கப் பெயர் என்று இரண்டு நாள் விசாரித்தார்கள். இருளப்பன் தன் வாடிக்கையாளர்களின் அளவுகளைச் சொல்லிச் சொல்லி அழுதார். அவசரகாலச் சட்டத்தின் கீழ் தொண்ணூறு நாள் தடுப்பு உத்தரவு போட்டார்கள்.

எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். எல்லா நிலையமும் அந்த வருடங்களில் ஒரே நிலையம்தான். அங்கே பொறுப்பதிகாரி சிங்களத்தில் பேசியதைத் தமிழில் சொல்வதற்கு சார்ஜன்ட் றிஸ்வி இருந்தார். மூன்றாம் நாள் ராஜலிங்கமும் சந்திரிகாவும் போய் நின்றபோது, அவர்களைக் கதிரையில் உட்காரச் சொன்னார்கள். அதுவே பெரிய காரியம்.

"பெரியவர் சொல்றாரு," என்றார் றிஸ்வி, "ஒங்கட மச்சான் நல்ல மனிசன் மாதிரித்தான் தெரியுதாம். இந்தக் கடதாசி ஒங்கட ஒபிசுல வந்ததெண்டா, இதுல ஒரு அர்த்தமும் இல்லையெண்டு ஒங்கட ஒபிசு ஒரு கடிதம் தரட்டும். கடிதம் வந்தா அடுத்த நாளே உட்டுருவாராம். வராட்டி, தொண்ணூறு நாள் முடிய தூரத்துக் கேம்புக்கு அனுப்பணும். அங்க அனுப்பின பொறகு இவர்ட கையிலயும் ஒண்டும் இல்ல."

ஒரு கடிதம். அதில் ஒரு வரி. ராஜலிங்கம் வெளியே வந்ததும் சந்திரிகாவிடம், "ஒரு வாரத்துல வாங்கிடலாம்" என்றான். அவன் படித்தவன், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள்.

செயலாளர் ஸ்ரீஸ்கந்தராசா யாழ்ப்பாணத்தார். முப்பது வருடம் அரச சேவையில் இருந்து, ஒரு தடவைகூட ஒரு விஷயத்துக்கும் பொறுப்பாக அகப்படாதவர். அவர் இரக்கம் இல்லாதவர் அல்ல. ராஜலிங்கம் சொன்னதை முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாவம். ஆனா தம்பி, அர்த்தமில்லை எண்டு சபை எழுத ஏலாது. ரெண்டு வரியமாய்ச் சபை அர்த்தமில்லாததை அச்சடிச்சுக்கொண்டு இருந்ததெண்டு கணக்காய்வு பிடிக்கும்."

"அப்ப அர்த்தம் இருக்குன்னு எழுதிக் குடுங்க சேர். ஆபீஸ் வேலைதான்னாவது தெரியட்டும்."

"அர்த்தம் இருந்தா அது இரகசியம். இரகசியத்தைப் பற்றி வெளியில கடிதம் எழுதினா நான் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணவேணும். விளங்குதே?"

"இல்லாமலும் இல்ல, இருக்கவும் இல்லன்னா நான் என்னாங்க சேர் பண்றது?"

"விண்ணப்பம் ஒண்டு எழுதித் தாரும்" என்றார் செயலாளர். "மூண்டு பிரதி."

இருபத்திரண்டாம் நாள் சபை கூடியது. நாட்டின் கேள்வி ஒன்று சபையைத் தேடி வந்தது அதுவே முதல் தடவை என்பதால் சபைத் தலைவரான தவிசாளரே வந்திருந்தார். சபை நடவடிக்கைகளை அவர் எப்போதும் ஓர் உரையுடன்தான் ஆரம்பிப்பார். ராஜலிங்கத்தைச் சுவரோரமாக நிற்க வைத்துவிட்டு உரை ஆரம்பமாயிற்று.

"அன்பர்களே, இந்தச் சபை தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஓர் இரகசியம்கூட இங்கிருந்து வெளியே போனதில்லை. ஏனென்றால் எவரும் நம்மிடம் ஓர் இரகசியத்தையும் தந்ததில்லை. தந்திருந்தால் காப்பாற்றியிருப்போமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கே இடம் வைக்காமல் நடந்துகொண்டதுதான் நமது சாதனை. இந்த நாட்டில் உண்மையை மறைப்பதற்கு இதுவரை மென்பொருள் தேவைப்பட்டதில்லை. நாம் அதை விஞ்ஞான முறைப்படி செய்யப்போகிறோம். இப்போது ஒரு தையற்காரரின் கைதால் நமது பெயர் முதன்முறையாக ஒரு பொலிஸ் கோவையில் ஏறியிருக்கிறது. இது நமக்குக் கிடைத்த அங்கீகாரம்."

கைதட்டினார்கள். ராஜலிங்கமும் தட்டினான். தட்டாவிட்டால் கடிதம் கிடைக்காது என்று பயந்தான்.

அந்தத் துண்டுகள் உண்மையிலேயே சபையின் தாள்கள்தானா என்று பார்க்க ஓர் உப குழு போனது. வான் வண்டியில் ஏழு பேர், வழியில் தேநீருக்கு இரண்டு நிறுத்தம். பொலிஸ் நிலையத்து மேசையில் எண்பத்தாறு துண்டையும் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். சபையின் தாள் என்றால் மேலே நடுவில் கோவை இலக்கமும் பக்க எண்ணும் இருக்க வேண்டும். இருளப்பன் கழுத்துக்கு வளைவு வெட்டிய இடமும் மேலே நடுவில்தான். கழுத்தோடு இலக்கங்களும் போய்விட்டன. இலக்கம் இல்லாத தாளைச் சபையால் தன்னுடையது என்று ஏற்க முடியாது, ஆனால் தன்னுடையது அல்ல என்று சொல்வதற்கும் போதிய ஆதாரம் இல்லை என்று குழு அறிக்கை எழுதியது. அறிக்கையின் முடிவில், எதிர்காலத்தில் தாளின் நான்கு மூலையிலும் பக்க எண் அச்சிடும்படி ராஜலிங்கத்துக்கு ஒரு பரிந்துரை.

குழு போகும்போது இருளப்பன் கம்பிக்கு உள்ளேயிருந்து கும்பிட்டாராம். குழுவில் ஒருவர் திரும்பக் கும்பிட்டுவிட்டுப் பிறகு, தான் அப்படிச் செய்தது விதிகளுக்கு அமைவானதா என்று செயலாளரிடம் விளக்கம் கேட்டிருந்தார்.

நாற்பதாம் நாள் வந்தது. ஐம்பதாம் நாள் வந்தது. அர்த்தம் என்றால் என்ன என்பதற்கு வரைவிலக்கணம் கேட்டு மொழித் திணைக்களம் ஒன்றுக்குக் கடிதம் போயிற்று. மொழிக்கு அர்த்தம் உண்டா என்பது தங்கள் விடயப்பரப்புக்குள் வராது என்று பதில் வந்தது. பெரஹரா ஊர்வலத்துக்காக வீதிகளை மூடியதால் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. பெரஹரா நன்றாக நடந்ததற்கு நன்றி தெரிவிக்க இன்னொரு கூட்டம் கூடியது.

குண்டசாலையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் சந்திரிகா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வாரம் ஒரு தடவை சோறு கட்டிக்கொண்டு போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தாள். அறுபதாம் நாள் போய்வந்த அன்று கேட்டுவிட்டாள்.

"ஒரே ஒரு வரிதானேங்க. ஒங்க கையாலேயே எழுதி அந்த சேர்கிட்ட கையெழுத்து வாங்க முடியாதா?"

"அவரு கையெழுத்துப் போட மாட்டாரு சந்திரிகா. அவருக்கு அது பழக்கமில்ல."

"அண்ணன் எளைச்சுப்போச்சு. நம்ம குடுத்த கடுதாசிதாங்க அது. அத நெனச்சா எனக்குத் தொண்டையில சோறு எறங்க மாட்டேங்குது."

அவனுக்கும் இறங்கவில்லை. தான் கொடுத்த தாள் என்பதை அவன் ஒரு நாளும் மறக்கவில்லை. ஒவ்வொரு காலையிலும் பங்களாவின் படிகளில் ஏறும்போது கால் கூசியது. இருந்தும் ஏறினான். கடிதம் கிடைக்கக்கூடிய இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

எண்பத்தைந்தாம் நாள் செயலாளர் அவனைக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு.

"உமக்கு நல்ல காலம் தம்பி. தவிசாளர் ஓமெண்டிட்டார்."

விஷயம் இதுதான். வருட முடிவுக்குள் சபை எதையாவது திறந்து வைத்தாக வேண்டும் என்று மேலிடம் கேட்டிருந்தது. திறந்து வைப்பதற்கு ராஜலிங்கத்தின் நூலகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எழுமாற்று எண்களுக்கு ஒரு நாள் மட்டும் விசேட விதிவிலக்கு. நூலகம் மறையிடப்போகும் முதலாவது அரச கடிதமாக இருளப்பனின் கடிதத்தையே தவிசாளர் தெரிவு செய்திருந்தார். "மனிதாபிமானமும் தொழில்நுட்பமும் கைகோர்க்கும் தருணம்" என்று அழைப்பிதழில் போட்டார்கள்.

எண்பத்தொன்பதாம் நாள் விழா. குத்துவிளக்கு, கிரிபத் என்ற பாற்சோறு, வெற்றிலைத் தட்டு. கடிதத்தை ராஜலிங்கமே தட்டெழுத்தில் அடித்தான். "திரு. இருளப்பனிடம் கைப்பற்றிய தாள்களில் உள்ளவை எமது சபையின் பரிசோதனை எண்கள் என்பதையும், அவற்றுக்கு அர்த்தம் எதுவும் இல்லை என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறோம்." எவ்வளவு அழகான வசனம்! எண்பத்தொன்பது நாள் காத்திருந்த வசனம். அவனுக்குக் கண் கலங்கியது.

அடுத்தது சாவி. சாவியைத் தவிசாளரே இடுவதாக ஏற்பாடு. அவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார், கண்களை மூடினார், இரண்டு கையாலும் விசைப்பலகையில் ஆர்மோனியம் வாசிப்பதுபோல் கொஞ்ச நேரம் அடித்தார். "எழுமாறு என்றால் இதுதானே?" என்று கேட்டார். சபை சிரித்துக் கைதட்டியது.

"சேர், அத எங்கயாவது எழுதி வச்சாத்தான்..." என்று ராஜலிங்கம் வாய் திறந்தான்.

"எழுதி வைத்தால் அப்புறம் அது இரகசியமா?" என்றார் தவிசாளர். மறுபடியும் கைதட்டல். அடுத்த விசையையும் அவரே அழுத்தினார். அச்சுப்பொறி கறகறவென்று, சபையின் கடிதத்தலைப்பின் கீழ், பதினாறு வரி எண்ணும் எழுத்தும் அடித்துத் தந்தது. அதில் செயலாளர் முத்திரை குத்தினார். முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கையெழுத்தும் போட்டார். என்னத்துக்குப் போட்டார் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு தாளில் போடுவதற்கு அவருக்குப் பயமில்லை.

"சேர், வெளங்குற எழுத்துல ஒரு பிரதி?"

"அப்பிடி ஒரு பிரதி இருந்தா பிறகு மறையீடு என்னத்துக்கு தம்பி? கெதியாய்க் கொண்டுபோம், நாளையோட தவணை முடியுதெல்லே. முத்திரை இருக்குது, முத்திரையைப் பார்ப்பினம்."

ராஜலிங்கம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தச் சாவி இல்லாமல் இதை உலகத்தில் எவராலும் திறக்க முடியாது. இதை எழுதியவன் அவன், அவனாலும் முடியாது. வேலையில் எங்கேயாவது ஓர் ஓட்டையை விட்டிருக்கக்கூடாதா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். பிறகு முத்திரையை நம்பிப் பஸ் ஏறினான். நம்புவதற்கு வேறு என்ன இருந்தது?

பொறுப்பதிகாரி உறையைக் கிழித்துத் தாளை எடுத்தார். பார்த்தார். றிஸ்வியிடம் கொடுத்தார். றிஸ்வி அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"இதுல என்ன எழுதீக்கி?"

"அந்தத் தாள்களுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்குங்க சார்ஜன்."

பொறுப்பதிகாரி மேசைக்குள்ளிருந்து பிளவுஸின் கைக்கு வெட்டிய ஒரு கடதாசித் துண்டை எடுத்துக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவசரக்காரர் அல்ல அவர். நியாயமான மனிதர். சந்தேகத்தின் பலனைத் தருவதற்குத் தயாராக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். றிஸ்வியிடம் மெதுவாக ஏதோ கேட்டார்.

"பெரியவர் கேக்குறாரு, இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் ஈக்கா?"

"இருக்குங்க."

"இந்தத் துண்டுக்கு?"

"இல்லைங்க."

"ரெண்டும் ஒரே மாதிரித்தானே ஈக்கி?"

இங்கேதான் ராஜலிங்கம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். ஆனால் மூன்று வருடத்தில் அவனுடைய வேலையைப் பற்றி ஒரு மனிதர் கேட்ட முதலாவது புத்திசாலித்தனமான கேள்வி அது. அவன் உள்ளே இருந்த தொழிலாளி அவனைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டான்.

"அப்பிடித்தாங்க இருக்கணும். அர்த்தமுள்ளதும் அர்த்தமில்லாததும் பாக்குறதுக்கு ஒண்ணாத்தான் இருக்கணும். யாராவது வித்தியாசம் கண்டுபிடிச்சா என் வேலை பிழைன்னு அர்த்தம். ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாதுங்க."

"ஒருத்தராலயும்?"

"எவராலயும் முடியாதுங்க."

றிஸ்வி அதை மொழிபெயர்ப்பதற்கு முன்னால் ராஜலிங்கத்தின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். இன்னொரு முறை யோசித்துச் சொல்லட்டும் என்று காத்திருந்ததுபோல் இருந்தது. பிறகு மொழிபெயர்த்தார். பொறுப்பதிகாரி தலையாட்டினார். பேனாவைத் திறந்து, கடதாசித் துண்டுகளுக்கு அர்த்தம் இல்லை என்பதை எவராலும் நிரூபிக்க முடியாது என்று சபையின் நிபுணரே வாக்குமூலம் தந்திருப்பதாகப் பதிந்தார். கடிதத்துக்கு எண்பத்தேழாவது தடயப் பொருள் என்று இலக்கம் இட்டார். வாக்குமூலத்தைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார். றிஸ்வி அதை வாசித்துச் சொல்லக் கேட்ட ராஜலிங்கத்துக்கு அதில் ஒரு வரியைக்கூடப் பொய் என்று சொல்ல முடியவில்லை. கையெழுத்து வைத்தான்.

உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. கண்டியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். இருளப்பன் முகம் கழுவி, தலை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, துணிப்பையைக் கையில் பிடித்தபடி கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"போவமா மாப்புள?" என்றார்.